சிலேட்டை இடியுங்கள், அரைக்காதீர்கள்: மலை பட்ட சூட்டை இல்லைட்டில் பார்ப்பது

மலைத்தொடர் எழும்போது ஆழத்தில் புதைந்த சேற்றுப்பாறை எவ்வளவு சூடானது என்பதை இல்லைட் என்ற களிமண் கனிமத்தில் பார்க்கலாம். சூடு ஏற ஏற அதன் படிகங்கள் தடித்து ஒழுங்காகும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிரைப் படிகத்தில் பட்டுச் சிதறவிட்டு அளக்கும் கருவி) வரைபில், அதன் அடுக்கு இடைவெளியைக் காட்டும் 10 அங்ஸ்ட்ரம் முகடு ஒடுங்கும். பாதி உயரத்தில் அந்த முகட்டின் அகலம்தான் கியூப்ளர் சுட்டி, அது கோணப் பாகையில் (2θ) வரும்.

முதலில் கல். நம் கண்டிப் பக்கத்துப் பாறை உதவாது, அது 800 பாகைக்கு மேல் வெந்தது. பொரலஸ்கமுவையில் தோண்டும் கயோலினும் உதவாது, அது பாறை உக்கி வந்த களி. எனக்கு நண்பர் ஒருவர் நேபாளத்திலிருந்து கருஞ்சிலேட்டுத் துண்டொன்று கொண்டுவந்தார்.

அடுத்து உடைப்பது. இங்கேதான் நான் வழுக்கினேன். உருளை அரைப்பானில் இருபது நிமிடம் விட்டேன், மா போல வந்தது, பெருமையாகவும் இருந்தது. முகடோ அகன்று கிடந்தது: 0.44. நீண்ட அரைப்பு படிகத்தையே சிதைக்கும். போதாக்குறைக்கு, பழைய ஆற்றுமணலோடு வந்த பெரிய மைக்காத் துணுக்குகளும் நொறுங்கி நுண்துகளோடு கலந்துவிடும். அதே கல்லை இரும்பு உரலில் குருணலாக இடித்து, நீரில் ஊறவிட்டுக் குலுக்கினேன். 0.31 வந்தது. அரைப்பானை அதன்பிறகு இதற்குத் தொடவே இல்லை.

இனி 2 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த துகளைப் பிரிக்க வேண்டும். முகவையில் கலக்கி அசையாமல் வைத்து, மேலே 5 சென்றிமீற்றரைக் குழாயியால் எடுங்கள். புத்தக அட்டவணை 20 பாகைக்கு 3 மணி 50 நிமிடம் என்று சொல்லும். ஏசி இல்லாத கொழும்பு அறையில் 30 பாகை. நீர் இளகியிருக்கும், 3 மணி 5 நிமிடம் போதும்.

கண்ணாடித் தகட்டில் வார்த்துக் காயவிடுங்கள். கருவியின் எக்ஸ்கதிர்க் குழாய் செப்புக் குழாயென்றால் 8.8 பாகைக் கோணத்துக்கு (2θ) அருகே முகடு தெரியும். மென்பொருள் தானாகத் தரும் அகலத்தை நான் நம்புவதில்லை, அடிக்கோட்டைக் கையால் போடுவேன். பிறகு எதிலீன் கிளைக்கோல் ஆவியில் ஓரிரவு வைத்து மறுபடி அளவிடுங்கள். முகடு ஒடுங்கினால் ஸ்மெக்டைட் (ஊதிப் பெருக்கும் களிமண் கனிமம்) அடுக்கு கலந்திருக்கிறது, அந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

0.42க்கு மேல் என்றால் பாறை சாதாரணப் புதைவுச் சூட்டோடு நின்றுவிட்டது, 0.25க்குக் கீழ் என்றால் நன்றாக உருமாறியது. இடைப்பட்டது ஆங்கிசோன், தோராயமாக 200 முதல் 300 பாகை. தோராயம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கருவிக்குக் கருவி எண் மாறும். அளவு தெரிந்த நியமக் கற்களை உங்கள் கருவியில் ஓட்டித் திருத்தாமல் எல்லைகளைப் பயன்படுத்தாதீர்கள். எப்போது சூடானது என்பதை இது சொல்லாது, அதற்குப் பொட்டாசியம்-ஆர்கன் வயது வேண்டும்.

பிற்சேர்க்கை: “பத்து நிமிடத்திலேயே எல்லாம் அடியில் படிந்துவிட்டது” என்று ஒருவர் கேட்டிருந்தார். நீரில் உப்பு இருந்தால் களி திரண்டு விழும். காய்ச்சி வடித்த நீரால் இரண்டு மூன்று தடவை கழுவி, சோடியம் ஹெக்சாமெட்டாபொஸ்பேற்று ஒரு சிட்டிகை போட்டால் சரி.