எம்.எல்.ஏ. தரும் தொகுதி அறிக்கையை வாசிப்பது எப்படி?

"தொகுதிக்கு இந்த ஆண்டு நான் முன்னுரிமை கொடுக்கும் வேலைகள் இவை, இதுவரை நடந்தது இவ்வளவு" என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அவ்வப்போது மக்களுக்குச் சொல்வது வழக்கம். சில ஊர்களில் துண்டறிக்கையாக வரும், சில ஊர்களில் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆக வரும், சிலர் மண்டபத்தில் கூட்டம் போட்டு நேரில் பேசுவார்கள். முதன்முறை ஓட்டுப் போட்ட தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்த அறிக்கையின் ஒவ்வொரு வரியும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும், எந்தக் கட்சிக்காரர் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்டுவிடலாம்.

ஒரு நோட்டும் செல்போனும் கையில் இருக்கட்டும்.

படி 1: யாருடைய வேலை என்று பிரியுங்கள்

முதலில் உங்கள் தொகுதியை உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கம் இதில் குழப்பம் அதிகம். அவிநாசி திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் நீலகிரி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. பெருந்துறை ஈரோடு மாவட்டம், மக்களவைக்குத் திருப்பூர். அதனால் எம்.பி.யிடம் கேட்க வேண்டியதை எம்.எல்.ஏ.விடமும், எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியதை ஊராட்சித் தலைவரிடமும் கேட்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ம, மா, உ என்று ஓர் எழுத்துப் போடுங்கள்: மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி. பஞ்சு இறக்குமதி வரி மத்திய அரசு. விசைத்தறிக்கு இலவச மின்சாரம், சாயக்கழிவு நீர்க் கண்காணிப்பு, பாசனம், அரசுப் பள்ளி எல்லாம் மாநிலம். தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சி. சிலவற்றில் இரண்டு எழுத்து போட வேண்டியிருக்கும். கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநில அரசு, கட்ட வேண்டியது இந்திய விமான நிலைய ஆணையம். இப்படிப்பட்ட வரியில் எம்.எல்.ஏ.விடம் நிலத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

படி 2: எந்தக் கட்டம் என்று குறியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு கோரிக்கை ஊருக்குப் பயனாக வந்து சேர்வதற்குள் பல வாசல்களைத் தாண்ட வேண்டும்: சட்டமன்றத்தில் பேசுவது, அரசு அறிவிப்பது, அரசாணை வருவது, டெண்டர் விடுவது, பூமி பூஜை, வேலை, கடைசியில் பயன்பாட்டுக்கு வருவது. அறிக்கையில் எல்லாமே ஒரே மாதிரி எழுத்தில் வரிசையாக அச்சாகியிருக்கும். "அமைச்சரிடம் வலியுறுத்தியுள்ளேன்" என்ற வரியும் "நிதி ஒதுக்கப்பட்டுள்ளது" என்ற வரியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் பல வருஷங்கள் இருக்கலாம்.

பவானி ஆற்றின் உபரி நீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பல தலைமுறையாகக் கேட்ட திட்டம் இது. அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். பயன்பாட்டுக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 17இல். முதலில் 1,652 கோடி ரூபாய் என்று சொன்னது முடிவில் 1,916 கோடியில் வந்து நின்றது. அடிக்கல் நாட்டிய பிறகே ஐந்தரை வருஷம் ஆகியிருக்கிறது. அதனால் பூமி பூஜைப் படத்தைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள்.

திட்டம் திறந்த பிறகும் கேள்வி தீர்வதில்லை. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் போகும் உபரி நீரை, நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள், அதாவது 1.5 டி.எம்.சி. எடுப்பதுதான் கணக்கு. ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு அது போக வேண்டும். உங்கள் ஊர்க் குட்டை அந்த 1,045இல் இருக்கிறதா? இருந்தால், கேள்வி பராமரிப்பைப் பற்றியது: குழாய்க்கு இந்த வருஷம் தண்ணீர் வந்ததா, எத்தனை நாள் வந்தது? விடுபட்ட குளம் என்றால், உங்கள் ஊருக்கு அது இன்னும் முதல் வாசலிலேயே நிற்கிற கோரிக்கை. ஒரே திட்டம், பக்கத்துப் பக்கத்து ஊர், ஆனால் நோட்டில் எழுத வேண்டியது வேறு.

"வலியுறுத்தினேன்" என்று வருவதை லேசாக நினைக்க வேண்டாம். சட்டமன்றத்தில் எழுந்து கேட்பது எம்.எல்.ஏ.வின் முதல் கடமை. எதிர்க்கட்சி உறுப்பினருக்குப் பெரும்பாலும் கையில் இருப்பதே அதுதான். எப்போது கேட்டார், எந்தத் துறை மானியக் கோரிக்கையில் (துறைக்கான செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம்) கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்கிற எம்.எல்.ஏ.வை மதிக்க வேண்டும்.

படி 3: காகிதத்தைத் தேடுங்கள்

பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் சட்டமன்றத்துக்கு வரும்போது, அந்தத் துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே இருக்கும், தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் கிடைக்கும். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பெயர், தாலுகா, ஆற்றின் பெயர் என்று தேடிப் பாருங்கள்.

சட்டமன்ற விதி 110இன் கீழ் முதல்வரோ அமைச்சரோ அறிவித்தது என்றால், அவையில் அதன் மேல் விவாதம் கிடையாது. அது அறிவிப்புக் கட்டம், அவ்வளவுதான். அரசாணை எண், நாள், துறை மூன்றும் கிடைத்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்கு டிக் போடுங்கள். அமைச்சர் அவையில் தந்த உறுதிமொழி நிறைவேறாமல் கிடந்தால், அதை விசாரிக்க சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது.

படி 4: தொகுதி நிதியை நேரில் பாருங்கள்

ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் மேம்பாட்டு நிதி உண்டு. வேலையைப் பரிந்துரைப்பது எம்.எல்.ஏ., ஒப்புதல் தருவது மாவட்ட ஆட்சியர். நிழற்குடை, வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம் போன்றவற்றின் சுவரில் நிதியின் பெயர், ஆண்டு, மதிப்பீடு எழுதியிருக்கும். போட்டோ எடுத்து அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

படி 5: கேளுங்கள்

ஒரு கடிதத்தில் ஒரே விஷயம். "அய்யா, வணக்கமுங்க" என்று மரியாதையாகத் தொடங்கி, நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள். மாதிரிக்கு:

"தங்கள் அறிக்கையில் எங்கள் ஊர்க் குட்டைக்கு அத்திக்கடவு நீர் கொண்டுவர வலியுறுத்தியதாகப் படித்தோம். இது விடுபட்ட குளங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு அரசுக்குப் போயிருக்கிறதா? போயிருந்தால் கடித நாளும் எண்ணும் தந்து உதவ வேண்டுகிறோம்."

நாளும் எண்ணும் கேட்டால் "பார்க்கலாம்" என்று பதில் சொல்ல முடியாது. அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

பதில் வரவில்லையா? சரி, சம்பந்தப்பட்ட துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதலாம், 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் சரி. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். கையில் கிடைத்த பதிலை அடுத்த கிராம சபையில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டி, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு முறை அதற்கு வாய்ப்பு இருக்கிறது.