சிசிலியன் டிராகன்: ஒரே ஆட்டத்தை வைத்துக் கற்போம்

சதுரங்கத்தில் கறுப்புக்காய் ஆடுபவரின் தொடக்க முறைகளில் ஒன்றான டிராகன் போன்ற கூர்மையான தற்காப்பு, நகர்த்தல்களை மனப்பாடம் செய்தால் கைக்கு வராது. ஒரு முழு ஆட்டத்தைப் பலகையில் ஆடிப் பார்க்க வேண்டும். 1974இல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனின் சவாலரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதியின் 2ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளை கார்ப்போவ், கறுப்பு கோர்ச்னாய். எஞ்சினை (சதுரங்கத்தை அலசும் கணினி நிரலை) இப்போதைக்குத் திறக்காதீர்கள்.

படி 1: தொடக்கம்

காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் சொன்னால் அது சிப்பாயின் நகர்த்தல். வெள்ளை இ4, கறுப்பு சி5. பிறகு குதிரை எஃப்3, டி6. டி4 வந்ததும் கறுப்பு சிப்பாயால் வெட்டும், வெள்ளை குதிரையால் திருப்பி வெட்டும். குதிரை எஃப்6, குதிரை சி3, ஜி6. இந்த ஜி6தான் டிராகன். அடுத்து ஜி7இல் அமரும் பிஷப்புக்குக் குறி, வெள்ளையின் ராணிப் பக்கம்.

படி 2: ஆளுக்கொரு பக்கம்

வெள்ளை பிஷப் இ3, எஃப்3, ராணி டி2, பிஷப் சி4 என்று அடுக்கி ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம்மாற்றுவது) செய்யும். கறுப்போ ராஜா பக்கம் கேஸ்லிங் செய்யும். இனி சிப்பாய்க் கணக்கு இரண்டாம்பட்சம், முந்துபவர் வெல்வார். 14ஆவது நகர்த்தலில் கார்ப்போவ் ஹெச்5 ஆடி சிப்பாயையே தாரைவார்த்தார். ஹெச் வரிசை யானைக்குத் திறந்தது.

படி 3: 16ஆவது நகர்த்தலில் நிறுத்துங்கள்

தாக்குதல் சூடுபிடித்த நேரம். நீங்கள் என்ன ஆடுவீர்கள்? எழுதி வைத்துவிட்டுப் பாருங்கள்.

கார்ப்போவ் டி4 குதிரையை இ2க்குப் பின்வாங்கினார்! டிராகனில் கறுப்பின் பெரிய ஆயுதம், யானையைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டுவது. பி2 சிப்பாயால் திருப்பி வெட்டினால் வெள்ளை ராஜாவின் கூரை பிய்ந்துபோகும். இப்போது இ2 குதிரையே திருப்பி வெட்டும். 19இல் யானை டி3 வந்ததும் இதே காவலுக்குத்தான். தாக்குபவர் இப்படி இரண்டு நகர்த்தல்களைத் தற்காப்புக்குச் செலவிட்டது எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகப் பிடித்த இடம்.

படி 4: முடிவு

17இல் பிஷப் ஹெச்6. ஜி7 பிஷப் பலகையை விட்டுப் போகிறது. 20இல் ஜி5: கறுப்பு யானை அதை வெட்டியதும் சி3 மீதான அழுத்தம் தளர்கிறது. யானைகள் டி5இல் மாற, குதிரை அங்கே பாய்ந்து எஃப்6 குதிரையைத் தாக்குகிறது. ஹெச்7ஐக் காப்பது அந்த எஃப்6 குதிரைதான். 24இல் இ5, ஏ5இல் உள்ள கறுப்பு ராணி ஜி5க்கு வரும் வழியை அடைக்கிறது. 27இல் ஹெச்8இல் ராணி செக். கோர்ச்னாய் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

படி 5: பலகையைத் திருப்புங்கள்

கறுப்புப் பக்கம் உட்கார்ந்து, 12ஆவது நகர்த்தலில் குதிரை சி4க்குப் பதிலாக ஹெச்5 ஆடி வெள்ளையின் சிப்பாயைத் தடுத்துப் பாருங்கள். சோல்டிஸ் வகை என்பது இதுதான். வெள்ளையின் தாக்குதல் எவ்வளவு தாமதமாகிறது என்று நகர்த்தல்களை எண்ணிய பிறகு எஞ்சினைத் திறக்கலாம்.