கார்ட்டூன்தானே என்று போட்டுவிடும் முன்: சூப்பர் ஹீரோ படத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

மூன்று முதல் ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒரு சூப்பர் ஹீரோ அனிமேஷன் படத்தைக் காட்டலாமா என்று யோசிக்கும்போது, அதில் எத்தனை சண்டை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அது தப்புக் கணக்கு. ரோபோ ஒன்று நொறுங்கி விழுந்தால் நாலு வயசுப் பிள்ளை கைதட்டும். அதே பிள்ளை, படத்தில் வரும் அம்மாவின் கண்கள் வெறித்துப்போனால் எழுந்து வந்து மடியில் ஏறிக்கொள்ளும். ஆபத்து யாருக்கு வருகிறது, யாருடைய முகம் மாறுகிறது என்பதுதான் கேள்வி. திரையில் வெளிச்சம் எப்படி வெட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சர்டிபிகேட். 2024இல் வந்த சான்றளிப்பு விதிகளால் இந்தியாவில் பழைய யு/ஏ இப்போது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இவை பெற்றோருக்கான குறிப்பு மட்டுமே. தியேட்டர் வாசலில் சின்னப் பிள்ளைகளைத் தடுப்பது ‘ஏ’ படத்துக்குத்தான். ஓடிடியில் மூலையில் தெரியும் வயது எண் சென்சார் போர்டு போட்டதல்ல. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளமே போட்டுக்கொள்வது. அமெரிக்காவின் ‘பிஜி’ (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) சான்றில் வயதே கிடையாது. ‘சில பகுதிகள் குழந்தைகளுக்கு ஏற்றதாக இல்லாமல் போகலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிரிட்டனில் படங்களுக்குச் சான்று தரும் பிபிஎஃப்சி கொஞ்சம் தெளிவு: ‘யு’ என்றால் நாலு வயதிலிருந்து, ‘பிஜி’ என்றால் எட்டு வயதை ஒட்டிய பிள்ளையைக் கலங்கடிக்கக்கூடாது. எந்த மாதிரிக் காட்சிகளால் அந்தச் சான்று என்பதையும் அவர்கள் தளத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் செலவழித்து அதைப் படிக்கலாம். சினிமாத் தகவல் தளமான ஐஎம்டிபியின் பெற்றோர் வழிகாட்டிப் பகுதியும் உதவும்; ஆனால் அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் கொஞ்சம் உப்புப் புளி கூடத்தான் இருக்கும்.

ட்ரெய்லரை மட்டும் நம்ப வேண்டாம். அது சிரிப்புக் காட்சிகளைப் பொறுக்கி எடுத்துக் கட்டியது.

அடுத்து, விக்கிப்பீடியாவில் கதைச் சுருக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். யார் சாகிறார்கள், திரும்பி வருகிறார்களா, நல்லவர் என்று நம்பிய யாராவது கெட்டவராக மாறுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். 2014இல் வந்த ‘பிக் ஹீரோ 6’ படத்தின் போஸ்டரில் பஞ்சுப்பொதி மாதிரி ஒரு ரோபோ நிற்கும். கதையில், படம் சூடுபிடிக்கும் முன்பே நாயகனின் அண்ணன் தீ விபத்தில் இறந்துபோகிறான், திரும்பி வருவதில்லை. 2018இன் ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில், பையனைத் துரத்திவந்த முகமூடிக்காரன் முகமூடியைக் கழற்றினால் அது அவனுடைய சொந்தச் சித்தப்பா, அடுத்து அவரும் அவன் கண்முன் செத்துப்போகிறார். சித்தப்பா மடியில் வளரும் பிள்ளைக்கு அது சாதாரண விஷயமில்லை.

முகம் மாறுவதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோன் கேன்டர் 1980களில், தொலைக்காட்சியில் வந்த ‘ஹல்க்’ தொடரை வைத்துப் பிள்ளைகளின் பயத்தை ஆராய்ந்தார். அவன் நல்லவன், காப்பாற்றத்தான் வருகிறான் என்று பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது. பள்ளி செல்லாத வயதுப் பிள்ளைகளைப் பயமுறுத்தியதே சாதுவான ஒரு மனிதர் பச்சைப் பூதமாக மாறும் அந்த இடம்தான். சின்ன வயதில் தோற்றம்தான் உண்மை. உள்ளே இருப்பது அதே ஆள் என்ற எண்ணம் பிறகுதான் கெட்டிப்படும்.

ஒரு சூப்பர் ஹீரோ குடும்பத்தின் கதையான ‘இன்கிரெடிபிள்ஸ்’ இரண்டு பாகங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் பாகத்தில் (2004) அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் போகும் விமானத்தின் மேல் ஏவுகணை பாய்கிறது. உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அம்மா ரேடியோவில் கெஞ்சுகிறாள், விமானம் வெடிக்கிறது. குடும்பமே செத்துவிட்டதாக நினைத்து அப்பா உடைந்துபோகிறார். அடுத்து வரும் குகைக் காட்சியில் சண்டையே இல்லை. ஆனால், இவர்கள் கார்ட்டூனில் வரும் வில்லன்கள் மாதிரி இல்லை, சின்னப் பிள்ளைகள் என்று விடமாட்டார்கள், கொன்றுவிடுவார்கள் என்று அம்மா தன் பிள்ளைகளிடம் சொல்கிறாள். படத்திலேயே கனமான இடம் அதுதான். ஆங்கிலத்தில் பார்க்கும் பிள்ளைக்கு அது காதில் விழாமல் போகலாம். புரியும் மொழியில் பார்த்தால் சொல்லும் சேர்ந்து தைக்கும். தமிழ் டப்பிங் உள்ள எந்தப் படத்துக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் பாகத்தில் (2018) அம்மாவுக்கே வசியக் கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். அவள் அப்பாவை அடிக்கிறாள். குழந்தை ஜாக்-ஜாக் செய்யும் சேட்டைகளுக்காகப் படம் போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். தியேட்டரில் இந்தப் படத்துக்கு முன் ‘பாவ்’ என்ற குறும்படம் ஓடியது. அதில் அம்மா, உயிர்பெற்று வந்த தன் கொழுக்கட்டைப் பிள்ளையை வாயில் போட்டு விழுங்கிவிடுவாள்! துணைக்கு வரும் குறும்படத்தையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

வெளிச்சம் தனிச் சங்கதி. அதே இரண்டாம் பாகத்தில் வில்லனின் அறையில் நடக்கும் சண்டையில் கருப்பு வெள்ளை வெளிச்சம் விட்டுவிட்டுப் பளிச்சிடும். அமெரிக்காவில் வலிப்பு நோய் அமைப்பு எச்சரிக்கை விட்டது. தியேட்டர்களில் அறிவிப்பு ஒட்டச் சொன்னார்கள். பிரிட்டனில் காட்சியையே திருத்தி வெளியிட்டார்கள். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிட்டால் எச்சரிக்கை தேவை. வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுங்கள். எதிர்பாராமல் வந்துவிட்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடி, முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது: அறை விளக்கை அணைக்காமல், டிவிக்கு எட்டத்தில் உட்கார வைப்பது.

முழுப்படத்தையும் முன்கூட்டியே பார்க்க யாருக்கு நேரம்? இரண்டு மணி நேரப் படத்துக்கு 50 நிமிடம் போதும். முதல் 15 நிமிடம். பிறகு ஒரு மணி நேரத்தை ஒட்டி 15 நிமிடம், ஏனென்றால் கதை திரும்புவது பெரும்பாலும் அங்கே. கடைசிச் சண்டைக்கு 20 நிமிடம். கடைசியில் பெயர்கள் ஓடுவதற்கே பத்து நிமிடம் போகும், அதைக் கழித்துக்கொண்டு பின்னால் போங்கள். நடுவில் ஓட்டிப் பார்க்கும்போது கீழே வரும் குட்டிப் படங்களில் திரை கருநீலமாகவோ சிவப்பாகவோ இருண்டுபோன இடங்களில் நிறுத்துங்கள். அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் ஒருமுறை, சத்தத்தோடு ஒருமுறை பாருங்கள். சத்தம் இல்லாதபோது பயமில்லை என்றால், ஒலியைக் குறைத்தே சமாளித்துவிடலாம். சத்தமில்லாமலே உங்களுக்கு அடிவயிறு கலங்குகிறது என்றால் அந்தப் படம் இரண்டு வருடம் பொறுக்கட்டும். அண்ணன் தங்கை சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் தங்கையின் வயதுதான் கணக்கு.

காட்டுவது என்று முடிவானால் காலையிலோ மதியத்திலோ காட்டுங்கள், தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். ‘அம்மா கடைசியில சரியாயிடுவாங்க’ என்று முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இந்த வயதில் முடிவு தெரிந்தால் சுவை குறையாது. பயந்த பிள்ளை எப்போதும் அழாது. வாய்க்குக் கொண்டுபோன பாப்கார்ன் பாதி வழியில் நிற்கும், கால் சோபாவின் மேல் ஏறும், ‘அவங்க அம்மா எங்க?’ என்று இரண்டு மூன்று தடவை கேட்கும். அப்போது ‘இதெல்லாம் பொய்டா’ என்று விளக்கினால் சின்னப் பிள்ளைக்கு எடுபடாது. பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டால் எடுபடும். பயத்தின் உச்சியில் டிவியை அணைத்தால் பிள்ளை மனசில் அந்த முகம் அப்படியே நின்றுவிடும். ஐந்து நிமிடம் தள்ளி ஓட்டி, எல்லோரும் ஒன்றுசேரும் இடத்தைக் காட்டிவிட்டு அணையுங்கள். தியேட்டரில் ஓரச் சீட்டாக எடுங்கள். இடைவேளை வெளியேற வசதிதான், ஆனால் அது சிக்கலான இடத்தில் விழுந்தால் முடிவைக் கதையாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.

படம் முடிந்த பிறகுதான் குதிக்கும் விளையாட்டு ஆரம்பிக்கும். சூப்பர் ஹீரோ உடை மாட்டிக்கொண்டு அடிபட்டு வந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி பிரிட்டன் மருத்துவர்கள் 2007இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஜன்னலை ஒட்டிக் கட்டிலோ நாற்காலியோ கிடந்தால் அன்றைக்கே நகர்த்துங்கள். குளிக்கும் துண்டைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடாதீர்கள். எதிலாவது மாட்டினால் இறுக்கிவிடும். தோளில் இரண்டு வெல்க்ரோ துண்டு தைத்துக் கொடுத்தால், இழுத்ததும் கையோடு வந்துவிடும். மேலங்கியே கூடாது என்று ‘இன்கிரெடிபிள்ஸ்’ படத்தின் தையல்கார அம்மா ஒரு பட்டியலே போட்டுத் திட்டுவாள். பிள்ளைகளுக்குத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டிய காட்சி அது.