பவர் இருக்கு, கிரிப் இல்ல: பின் சஸ்பென்ஷன்ல எத முதல்ல மாத்தணும்?

400, 500 ஹார்ஸ்பவர் மொத்தமும் பின்னாடி ரெண்டு வீலுக்கு மட்டும் போற கார்ல ஃபர்ஸ்ட் கியர்ல ஆக்ஸிலரேட்டர நல்லா மிதிச்சா கார் நகர்றத விட டயர் சுத்துறதுதான் ஜாஸ்தியா இருக்கும், உடனே ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க, காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்னா சேந்த செட்) போடு, ஆர்ம் (வீல் பக்கத்த பாடியோட இணைக்கற கம்பி) மாத்து, பாலி புஷ் (ஆர்ம் முனைல ரப்பருக்கு பதிலா வர்ற பாலியூரித்தேன் வளையம்) போடுன்னு. எத போட்டாலும் ஏதோ ஒரு வித்தியாசம் தெரியத்தான் செய்யும், ஆனா அது நல்ல வித்தியாசமாங்கறது வேற கதை. கிரிப்புங்கறது டயர்ல இருந்துதான் வருது, சஸ்பென்ஷனால புதுசா கிரிப் உண்டாக்க முடியாது. டயர் மேல விழுற லோட ஆட்டம் இல்லாம சீரா வச்சிருக்கறதுதான் அதோட வேல. அதனால காச எடுக்கறதுக்கு முன்னாடி உங்க கார்ல என்ன பிரச்சினைன்னு கண்டுபிடிக்கணும்.

கண்டுபிடிக்கறது ஒன்னும் பெரிய கஷ்டம் இல்ல. டிராக்லயோ மூடின இடத்துலயோ வண்டிய நல்லா எடுத்து பாருங்க, ஒரு ஃப்ரெண்ட வெளிய தள்ளி நிக்க வச்சு பின் வீல ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுக்க சொல்லுங்க. டயர் ஸ்மூத்தா சுத்தி புகை வந்தா அது ஒரு கேஸ், பின்னாடி தடதடன்னு அடிச்சு வண்டியே குலுங்குனா அது வீல் ஹாப், அது முழுக்க வேற கேஸ். ஒரே ஒரு வீல் மட்டும் சுத்துதுன்னா டிஃபரென்ஷியல் (சுருக்கமா டிஃப், ரெண்டு வீலுக்கும் பவர பிரிச்சு குடுக்கற கியர் பெட்டி) பக்கம் போகணும். நேரா போறப்ப நல்லா பிடிச்சு, வளைவுல இருந்து வெளிய வரும்போது மட்டும் உள் பக்க வீல் சுத்துதுன்னா ஆன்டி ரோல் பார் (வளைவுல பாடி சாயாம ரெண்டு பக்கத்தையும் இணைக்கற கம்பி), ஸ்பிரிங் பக்கம் பாக்கணும். நல்ல ரோட்ல ஓகே, மேடு பள்ளத்துல மட்டும் பிடி விடுதுன்னா ஷாக் இல்லன்னா பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது தடுக்கற ரப்பர் கட்டை). இந்த ஒரு வீடியோவ பாக்காம பார்ட்ஸ் வாங்குறவங்கதான் அதிகம்.

டயர் பத்தி சுருக்கமா சொல்லிட்டு போயிடறேன். சைட்வால்ல நாலு டிஜிட் தேதி குறியீடு இருக்கும், 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. த்ரெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பழசாகி கல்லு மாதிரி ஆன டயர்ல என்ன சஸ்பென்ஷன் போட்டாலும் வேஸ்ட்டு. சம்மர் டயர்னா 7 டிகிரிக்கு கீழ போனாலே ரப்பர் இறுகிடும், குளிர்ல கிரிப் இல்லன்னு சஸ்பென்ஷன திட்டாதீங்க. அடுத்து டிஃபரென்ஷியல். ஓப்பன் டிஃப்ல ரெண்டு வீலுக்கும் ஒரே அளவு டார்க்தான் போகும், அதாவது பிடி கம்மியா இருக்கற வீல் எவ்வளவு தாங்குதோ அவ்வளவுதான் இன்னொரு வீலுக்கும். உங்களோடது ஓப்பன் டிஃப்னா லிமிடெட் ஸ்லிப் (ஒரு வீல் மட்டும் வீணா சுத்தறத கட்டுப்படுத்தற டிஃப்) போடறதுதான் முதல் வேல, ஆர்ம் எல்லாம் அப்புறம். டார்சன் மாதிரி கியர் டைப் நல்லதுதான், ஆனா ஒரு வீல் தரைய விட்டு தூக்குனா அது கிட்டத்தட்ட ஓப்பன் டிஃப் மாதிரிதான் நடந்துக்கும், பிரீலோட் (முன்கூட்டியே அழுத்தி வச்ச இறுக்கம்) இருக்கற க்ளட்ச் டைப்புக்கு அந்த தொல்லை கம்மி.

இப்ப எல்லாரும் குழம்புற இடத்துக்கு வருவோம், வெயிட் ட்ரான்ஸ்ஃபர். பின்னாடி நல்லா உக்காந்தாதான் கிரிப் வரும்னு ஒரு நம்பிக்க இருக்கு பாருங்க, அது பாதி தப்பு. முன்னாடி இருந்து பின்னாடிக்கு எவ்வளவு எடை மாறும்ங்கறத முடிவு பண்றது காரோட எடை, எவ்வளவு வேகமா முடுக்குறீங்க, சென்டர் ஆஃப் கிராவிட்டி (சிஜி, எடையோட மையப்புள்ளி) எவ்வளவு உயரம், வீல்பேஸ் எவ்வளவு, இந்த நாலுதான். 1600 கிலோ கார், சிஜி உயரம் 0.5 மீட்டர், வீல்பேஸ் 2.7 மீட்டர், 0.6 ஜி முடுக்கம்னு வச்சுக்கோங்க, 1600 × 0.6 × 0.5 ÷ 2.7, ஏறக்குறைய 178 கிலோ பின்னாடிக்கு போகும். சாஃப்ட் ஸ்பிரிங் போட்டாலும் ஹார்ட் ஸ்பிரிங் போட்டாலும் அதே 178தான். வண்டி உக்கார்றது கண்ணுக்கு தெரியுது, அவ்வளவுதான், அதனால எடை கூடிடாது. ஸ்பிரிங், ஷாக், ஆர்ம் ஆங்கிள் எல்லாம் மாத்தறது அந்த எடை எவ்வளவு வேகமா போய் சேருது, சேந்தப்புறம் நிலையா நிக்குதா இல்ல குதிக்குதாங்கறத மட்டும்தான்.

குதிக்கறதுன்னதும் வீல் ஹாப்தான். சாக்பீஸ நிமித்தி பிடிச்சு போர்டுல தள்ளுனா டக்டக்னு குதிச்சு புள்ளி புள்ளியா கோடு விழுமே, அதேதான் இதுவும். டயர் சைட்வால் முறுக்கிக்குது, புஷ் முறுக்கிக்குது, ஆர்ம் கொஞ்சம் வளையுது, ஒரு கட்டத்துல டயர் பிடிய விட்டுடுது, முறுக்குனது எல்லாம் ஒரே அடியா திரும்புது, மறுபடி பிடிக்குது, இது செகண்டுக்கு பல தடவ நடக்குது. ஒவ்வொரு தடவ பிடிக்கும்போதும் டிரைவ் ஷாஃப்ட், சிவி ஜாயின்ட், டிஃப் எல்லாத்துக்கும் சுத்தியல் அடி விழுது, ஆக்ஸில் உடையறது பெரும்பாலும் இப்படித்தான். அதனால ஹாப் வந்தா உடனே கால எடுத்துடுங்க, தாண்டிடும்னு மிதிச்சுட்டே இருக்காதீங்க. இதுக்கு மருந்து ரெண்டு வழில வரும், முறுக்கிக்கற இடத்த எல்லாம் டைட் பண்றது, இல்லன்னா அந்த ஆட்டத்த ஷாக்க வச்சு அடக்கறது. கார் கம்பெனிங்களே இத பெருசா எடுத்துக்கறாங்க, 2009 கேடிலாக் சிடிஎஸ்-வில இடது வலது ஹாஃப் ஷாஃப்ட்ட (டிஃப்ல இருந்து வீலுக்கு போற ஷாஃப்ட்) வேற வேற தடிமன்ல வச்சாங்க, ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி முறுக்கி ஆடக்கூடாதுன்னு.

எத டைட் பண்றதுங்கறது உங்க பின் சஸ்பென்ஷன் எந்த டைப்ங்கறத பொறுத்தது. இன்டிபென்டன்ட் (ஒவ்வொரு வீலும் தனித்தனியா ஏறி இறங்கற) டைப்புன்னா, 2015 மாடல்ல இருந்து வந்த மஸ்டாங், 2010ல இருந்து வந்த கமாரோ எல்லாம் இந்த ரகம், முதல்ல சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷன தாங்கற தனி சட்டம்) புஷ்ஷும் டிஃப் மவுன்ட்டும்தான். மொத்த பின் பக்கமும் பெரிய ரப்பர் மேல உக்காந்திருக்கு, பவர் குடுத்தா சப்ஃப்ரேமே அசையும், நீங்க மேல எவ்வளவு காஸ்ட்லி ஆர்ம் போட்டாலும் அந்த அசைவு போகாது. ரப்பர எடுத்துட்டு முழுசா மாத்த வேண்டாம்னா நடுவுல இருக்கற காலி இடத்துல சொருகுற இன்சர்ட் நிறைய கார்களுக்கு கிடைக்குது, தெரு வண்டிக்கு அதுவே போதும்னு நான் சொல்வேன். அதுக்கப்புறம் டோ லிங்க் (வீல் எந்த பக்கம் பாக்குதுன்னு பிடிச்சு வைக்கற கம்பி), ட்ரெய்லிங் ஆர்ம் (வீல முன்னும் பின்னும் போகாம பிடிக்கற ஆர்ம்). பவர் குடுக்கும்போது ரப்பர் நசுங்கி வீல் டோ-அவுட் (முன் ஓரம் வெளிய பாக்கற) பக்கம் போச்சுன்னா பின்னாடி தானா ஸ்டியரிங் திருப்புற மாதிரி ஃபீல் ஆகும், அது டயரோட தப்பு இல்ல.

பாலியூரித்தேன் பத்தி ஒரு எச்சரிக்க. ஷோர் ஏங்கற கடினத்தன்மை ஸ்கேல்ல 70 சொச்சத்துல இருந்து 95 வரைக்கும் கிடைக்கும், நம்பர் ஏற ஏற கெட்டி, சத்தமும் அதிர்வும் கூட ஏறும். டிஃப் மவுன்ட் ரொம்ப கெட்டியா போட்டா கியர் சத்தம் மொத்தமும் கேபினுக்குள்ள வரும், தினமும் ஓட்டுற வண்டின்னா நடுத்தர அளவுல நிறுத்திக்கோங்க. இன்னொன்னு, ரப்பர் எல்லா பக்கமும் வளஞ்சு குடுக்கும், பாலி ஒரே அச்சுல சுத்தறதுக்குத்தான் லாயக்கு. பல பக்கமும் திரும்ப வேண்டிய இடத்துல பாலி போட்டா சஸ்பென்ஷன் இறுகி மாட்டிக்கும், அப்ப வளைவுல திடீர்னு பின் பக்கம் வெட்டும். அந்த மாதிரி இடத்துல ஸ்ஃபெரிக்கல் ஜாயின்ட் (எல்லா பக்கமும் திரும்புற பந்து மூட்டு) போடுங்க, முடியலன்னா பழைய ரப்பர புதுசா மாத்திட்டு விட்டுடுங்க.

சாலிட் ஆக்ஸில்னா (ரெண்டு பின் வீலும் ஒரே கெட்டி ஆக்ஸில்ல இணைஞ்சது) கத வேற. லீஃப் ஸ்பிரிங் வண்டில ஆக்ஸில் சுத்தி லீஃபே எஸ் ஷேப்ல வளையும், அத தடுக்க ட்ராக்ஷன் பார் (ஆக்ஸில் சுத்தாம பிடிக்கற கம்பி) தவிர வேற எத போட்டாலும் சுத்தி வளைக்கற வேலதான். காயில் ஸ்பிரிங், லிங்க் வச்ச வண்டில லோயர் கன்ட்ரோல் ஆர்ம், அப்பர் ஆர்ம். 2005ல இருந்து 2014 வரைக்கும் வந்த மஸ்டாங்ல மூனு லிங்க்கும் பனார்ட் ராடும்தான் (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கற கம்பி), அதுல லோயர் ஆர்மும் ரீலொகேஷன் பிராக்கெட்டும் சேத்து போடறது ரொம்ப பிரபலமான அப்கிரேடு, அது சும்மா பேருக்கு இல்ல, காரணம் இருக்கு.

வண்டிய இறக்குனா பாடி கீழ வருது, ஆக்ஸில் அங்கயேதான் இருக்கு. அப்ப லோயர் ஆர்மோட முன் முனை இறங்கி, ஆர்ம் முன்னாடி சரிஞ்ச மாதிரி ஆயிடும். இதுல ஆன்டி ஸ்குவாட் (முடுக்கும்போது பின் பக்கம் உக்காராம தடுக்கற அமைப்பு) குறையுது. பக்கவாட்டுல இருந்து பாத்து அப்பர் ஆர்ம் கோடும் லோயர் ஆர்ம் கோடும் எங்க சந்திக்குதுன்னு பாருங்க, பின் டயர் தரைய தொடற இடத்துல இருந்து அந்த புள்ளி வழியா ஒரு கோடு போட்டு முன் ஆக்ஸிலுக்கு நேரா எவ்வளவு உயரத்துல வருதுன்னு பாருங்க, அது சிஜி உயரத்துக்கு சமமா இருந்தா 100 சதவீதம், வண்டி பின்னாடி உக்காராது எந்திரிக்காது. கம்மின்னா உக்காரும், ஜாஸ்தின்னா பின் பக்கம் தூக்கும். ரீலொகேஷன் பிராக்கெட் ஆர்மோட பின் முனைய ஆக்ஸில்ல இன்னும் கீழ இறக்கி, போன ஆங்கிள திரும்ப கொண்டு வருது. ஸ்டாக் உயரத்துல இருக்கற வண்டிக்கு இது அவசரமே இல்ல. பிராக்கெட்ல மூனு ஓட்டை இருக்குதுன்னு அடி ஓட்டைல போட்டு மேக்ஸிமம் வச்சுடாதீங்க, டயர முதல்ல பலமா தரைல அழுத்தும், அப்புறம் அதே வேகத்துல விட்டுடும், பிரேக் பிடிக்கும்போதும் பின்னாடி குதிக்கும்.

சாலிட் ஆக்ஸில்ல ஆர்ம் மாத்தும்போது பினியன் ஆங்கிளும் (டிஃப்ல ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற முனை எந்த கோணத்துல இருக்குன்னு) பாத்துக்கணும். லோடு வந்தா பினியன் மூக்கு மேல தூக்கும், அதனால நிக்கும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ட விட ஒன்னு ரெண்டு டிகிரி கீழ பாத்த மாதிரி வைக்கறது வழக்கம், ரப்பர் புஷ் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூட. அட்ஜஸ்டபிள் அப்பர் ஆர்ம் இருந்தா இது சுலபம். அப்புறம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் திருப்புற விசை ஆக்ஸிலையும் சேத்து திருப்ப பாக்கும், பெரும்பாலான வண்டில வலது பின் வீல் லேசாகும். டிஃப பாடியோட கட்டி வச்ச இன்டிபென்டன்ட் வண்டில இந்த தொல்லை கிடையாது.

ஷாக்குக்கு வருவோம், என்னோட பார்வைல காசுக்கு அதிக பலன் இங்கதான், ஆனா ஜனங்க ஸ்பிரிங் வாங்கி வண்டிய இறக்கறதுக்குத்தான் முதல்ல ஓடுறாங்க. பின் ஷாக் கம்ப்ரெஷன் (அமுங்கறப்ப தடுக்கற பலம்) ரொம்ப சாஃப்ட்டா இருந்தா ஹாப் அடங்காது, ரொம்ப ஹார்டா இருந்தா சின்ன மேட்டுல கூட டயர் தரைய விட்டு தாவும். ரீபவுன்ட் (திரும்ப விரியறப்ப தடுக்கற பலம்) அதிகமா வச்சா அடுத்தடுத்து மேடு வரும்போது வீல் திரும்ப கீழ வரவே நேரம் இருக்காது, வண்டி கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கிட்டே போகும். முன் ஷாக்கையும் மறக்காதீங்க, அதோட ரீபவுன்ட் டைட்டா இருந்தா முன் பக்கம் எந்திரிக்க லேட் ஆகும், பின்னாடிக்கு எடை போய் சேர்றதும் லேட் ஆகும். கம்ப்ரெஷனும் ரீபவுன்ட்டும் தனித்தனியா திருப்பற டைப் நல்லது, ஆனா உக்காந்து செட் பண்ண பொறுமை இல்லன்னா நல்ல சிங்கிள் அட்ஜஸ்டபிள் போதும்.

ஸ்பிரிங் வாங்கும்போது டப்பால போட்ட ரேட்ட மட்டும் பாக்காதீங்க, மோஷன் ரேஷியோ, அதாவது வீல் நகர்றதுல எத்தன பங்கு ஸ்பிரிங் நகருதுங்கறது, அதோட ஸ்கொயரால அந்த ரேட்ட பெருக்குனா வர்றதுதான் வீல்ல வேல செய்யும். ரேஷியோ 0.7ன்னா 100 நியூட்டன் பெர் மில்லிமீட்டர் ஸ்பிரிங் வீல்ல வெறும் 49தான். வேற மாடல் கார்ல என்ன ரேட் போட்டாங்கன்னு கேட்டு அதையே போடறது அர்த்தமே இல்லாதது. இறக்குன வண்டில ஒரு சின்ன டெஸ்ட்: ஷாக் ராடுல ஒரு ஜிப் டை லேசா கட்டி கீழ தள்ளி விட்டு ஓட்டிட்டு வாங்க, அது பம்ப் ஸ்டாப் வரைக்கும் போயிருந்தா நீங்க ஸ்பிரிங் மேல ஓட்டல, ரப்பர் கட்டை மேல ஓட்டுறீங்க, அந்த நொடில ரேட் எகிறி டயர் பிடிய விடறதுல ஆச்சரியமே இல்ல.

பின் ஆன்டி ரோல் பார் தடிமனா போட்டா வண்டி திரும்புறது ஷார்ப்பா இருக்கும்தான், ஆனா உள் வீல்ல இருந்து லோட பிடுங்கி வெளி வீலுக்கு குடுக்கும், பவர் ஜாஸ்தி உள்ள கார்ல அது நேர் எதிர் வேல. முன்னாடி அண்டர்ஸ்டியர்னா (ஸ்டியரிங் திருப்புனாலும் வண்டி போதுமான அளவு திரும்பலன்னா) முன்னாடியே சரி பண்ணுங்க.

அலைன்மென்ட் கடைசில, ஆனா கட்டாயம். பின்னாடி நெகட்டிவ் கேம்பர் (வீலோட மேல் பக்கம் உள்ள சாயறது) அதிகமா வச்சா நேர் ஓட்டத்துல டயரோட உள் ஓரம் மட்டும்தான் வேல செய்யும், அதுவும் இன்டிபென்டன்ட் வண்டில உக்கார உக்கார இன்னும் நெகட்டிவ் ஆகும். கொஞ்சமா டோ-இன் (வீலோட முன் ஓரம் உள்ள பாக்கற மாதிரி) வைங்க.

மாட்டும்போது ஒரு விஷயம், ரப்பர் புஷ் இருக்கற ஆர்ம் போல்ட்ட வண்டி ஜாக்கில தொங்கும்போது ஃபைனல் டைட் பண்ணாதீங்க. வீல் தரைல நிக்கற உயரத்துக்கு கொண்டு வந்து அப்புறம்தான் டார்க் ரெஞ்ச், இல்லன்னா புஷ் எப்பவும் முறுக்கின நிலைலயே இருந்து சீக்கிரம் கிழியும். ஒரு நேரத்துல ஒரு பார்ட் மட்டும் மாத்துங்க, அதே இடத்துல, அதே டயர் பிரஷர்ல, டயர் அதே சூட்டுல இருக்கும்போது மறுபடி அதே வீடியோ எடுங்க. ஹாப் போயிடுச்சுன்னா அடுத்த பார்ட்ட கார்ட்ல இருந்து எடுத்துடலாம்.