செய்தித் தமிழில் ‘வேகம்’: நீங்களே தேடிப் பார்க்கும் முறை

பினாங்கில் செய்தி எழுதிப் பழகும் இளையோர் என்னிடம் ஓயாமல் கேட்பது இது: வேகமாக என்று போடுவதா, விரைவாகவா, துரிதமாகவா? அகராதியில் மூன்றும் ஒன்றுதான். செய்தியாளர்கள் கையில் ஒன்றல்ல. எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்லே சொல்லிவிடும். அதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் வழியைத் தருகிறேன்.

முதல் வேலை, செய்திகளைச் சேர்ப்பது. வணக்கம் மலேசியா, தமிழ் மலர், பெர்னாமா தமிழ்ச் செய்திகள் ஆகியவற்றிலிருந்து விபத்து, வானிலை, விளையாட்டு, பொருளாதாரம், அரசியல் என்று துறைக்கு ஒரு கோப்பாக ஒட்டி, யூடிஎஃப்-8 வடிவில் (கணினியில் தமிழ் எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறை) சேமியுங்கள். பிடிஎஃப் வேண்டாம். பழைய எழுத்துருவில் கோத்த பக்கமென்றால் ஒட்டியதும் எழுத்தெல்லாம் சிதைந்துவிடும்.

தேடுவதற்கு ஆண்ட்கான்க். லாரன்ஸ் ஆண்டனி எழுதிய இலவச மென்பொருள். வேர்டில் தேடினால் ஒவ்வோர் இடமாகத் தாவும். இது எல்லா வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, தேடிய சொல்லை நடுவில் நிறுத்திக் காட்டும். இந்த வேலைக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி வருவதுதான் பலரும் கைவிடும் இடம். கோப்புகளை ஏற்றித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. காரணம், யூனிகோடில் நம் கொம்பும் காலும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகையில் இல்லை. ‘மார்க்’ என்ற தனி வகை. எழுத்தை மட்டும் எண்ணும்படி அமைப்பு இருந்தால், ‘வேகம்’ என்பது ‘வ’, ‘கம’ என்று இரண்டாக உடைந்துவிடும். கோப்புகளை ஏற்றும்போதே ‘டோக்கன் டெஃபினிஷன்’ பகுதிக்கு (எவை சேர்ந்தால் ஒரு சொல் என்று அமைக்கும் இடம்) போய், ‘லெட்டர்’ உடன் ‘மார்க்’ வகையையும் சேருங்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பிறகு சொற்பட்டியலைத் திறந்து, சொற்கள் முழுசாக இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். அதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இப்போது ‘வேக*’ என்று தேடுங்கள். நட்சத்திரக் குறி இருக்கும் இடத்தில் எந்த எழுத்து வந்தாலும் பிடிக்கும். ‘வேகம்’ என்று முழுசாகக் கொடுத்தால் வேகத்தில், வேகமாக, வேகத்தடை எல்லாம் விடுபடும். சமையல் பக்கமும் கலந்திருந்தால் ‘வேக வைத்த’ முட்டையும் வரும். அந்த வரிகளை ஒதுக்கிவிடுங்கள்.

வரிகளை இடப்பக்கச் சொல்லை வைத்து அடுக்கினால் முதல் உண்மை தெரியும். எண் வந்தால் ‘வேகத்தில்’தான். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர், பினாங்குப் பாலத்தில் 80, இணையத்துக்கு எம்பிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை மெகாபிட்), எதுவானாலும் சரி. நம் பூப்பந்து வீரர் டான் பூன் ஹியோங் 2013இல் அடித்த ஸ்மாஷையும் மணிக்கு 493 கிலோமீட்டர் வேகத்தில் என்றே எழுத முடியும். ‘விரைவில்’ என்று மாற்றினால் வாக்கியமே கெட்டுவிடும். வானிலையில் மட்டும் எண் இல்லாதபோது வேகம் விலகிக்கொள்ளும்: ‘பலத்த காற்று’.

வலப்பக்கம் அடுக்கினால் வேறு முகம். ‘வேகமாக’ என்பதன் பின்னால் ‘பரவும்’ நின்றால் நோய் அல்லது வதந்தி. ‘வளரும்’ நின்றால் பொருளாதாரம்.

‘துரித*’ தேடுங்கள்: நடவடிக்கை, உணவு. அரசாங்கம் செய்தால் துரிதம், லாரி ஓடினால் வேகம். ‘விரைவு’ பேருந்து, ரயில், சாலை ஆகியவற்றின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

‘விரைவில்’ என்பதை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அதில் வேகமே இல்லை, காலம்தான் உண்டு. ‘விரைவில் அறிவிக்கப்படும்’ என்று பேச்சாளர் சொன்னால், எப்போது என்று கேட்டுத் தேதியை வாங்குங்கள். தேதி கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையும் செய்தியில் எழுதுங்கள். வாசகருக்கு அந்த விவரம் அவசியம்.

பிற்சேர்க்கை: ‘அதிவேக ரயில்’ தன் தேடலில் வரவில்லை என்று கோலாலம்பூர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். ‘வேக*’ என்பது ‘வேக’ என்று தொடங்கும் சொல்லை மட்டுமே பிடிக்கும். ‘*வேக*’ என்று கொடுத்தால் அதிவேகம் வரும்; கூடவே விவேகமும் விவேகானந்தரும் வருவார்கள். ‘அதிவேக*’ என்று தனியாகத் தேடுவதே நல்லது.