அஃபிங்டன் பக்கம் குடிபோகிறவர்கள் முதலில் எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள்

இங்கிலாந்தில் ஸ்விண்டன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, டவுன் சத்தம் வேண்டாம் என்று அஃபிங்டன் கிராமத்துப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரம். குன்றின் மேல், சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்புக்கல் நிரப்பிய 110 மீட்டர் வெள்ளைக் குதிரை உருவம். அழகான ஊர்தான். கார் இல்லாமல் மட்டும் வராதீர்கள்.

ஈவிசா ஷேர் கோடு (விசா நிலையைக் காட்டும் எண்), கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி), ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு எல்லாம் எங்கேயும் செய்வதுதான். வாடகை முன்பணத்தை வீட்டுக்காரரோ ஏஜென்ட்டோ 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட்டார்களா என்று கேளுங்கள், போதும்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்குக் குழாயில் கேஸ் வராது. தோட்டத்தில் ஒரு தொட்டி நிற்கும். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட நம் ரேஷன் கடை மண்ணெண்ணெய்தான். வீட்டுச் சூடு, குளிக்க வெந்நீர் இரண்டும் அதிலிருந்துதான். ஊரில் அஞ்சு லிட்டருக்குக் கேனோடு வரிசையில் நின்றோம்; இங்கே பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்தால் லாரியே வராது. கேஸுக்கும் மின்சாரத்துக்கும் ஆஃப்ஜெம் என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பு வைக்கும் விலை வரம்பும் இதற்குக் கிடையாது.

என் நண்பர் குடும்பம் நவம்பரில் குடிபோனது. பாதித் தொட்டி இருக்கிறது என்றார் ஏஜென்ட். அளவுகாட்டியும் அப்படித்தான் காட்டியது. முள் சிக்கிக் கிடக்கிறது என்பது, வெள்ளிக்கிழமை ராத்திரி ரேடியேட்டர் எல்லாம் சில்லிட்ட பிறகுதான் தெரிந்தது. லாரி அடுத்த வாரம்தானாம். கைக்குழந்தையோடு ஒரே அறையில் மின் ஹீட்டர் முன்னால் முடங்கினார்கள். எண்ணெய் வந்தும் பாய்லர் பற்றவில்லை. தொட்டி வறண்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். ஆஃப்டெக் (எண்ணெய் பாய்லர் வேலைக்கான அமைப்பு) பதிவுள்ள ஆள் வந்து அதை எடுத்துவிட வேண்டும். அதற்குத் தனிக் கூலி. ஏஜென்ட்டிடம் கேட்டால், "நீங்கள்தான் பார்த்திருக்க வேண்டும்" என்று பதில். மதுரையிலிருந்து வந்தவன் எதைப் பார்ப்பான்?

சாவி வாங்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லி, நீளக் குச்சி விட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து, அந்த அளவை இன்வென்டரியில் (குடிபோகும்போது வீட்டின் நிலையைக் குறிக்கும் பட்டியல்) எழுத வையுங்கள். அப்புறம் கால் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பல கிராமங்களில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து மொத்தமாக வாங்கும் ஆயில் கிளப் உண்டு, விலை குறையும். நண்பருக்கு அதைச் சொன்னதே எதிர்வீட்டுப் பாட்டிதான். மறுநாள் விறகும் கொண்டுவந்து போட்டார்.

தண்ணீரிலும் சுண்ணாம்பு. கெட்டிலில் வெள்ளையாகப் படியும். வினிகர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். புளி வேண்டாம், அதை வாங்க ஸ்விண்டன் வரை போக வேண்டும்.

காலி செய்யும்போது மிஞ்சும் எண்ணெய்க்குப் பணம் தருவார்களா, அல்லது வந்தபோது இருந்த அளவை விட்டுப்போனால் போதுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நண்பரின் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. முக்கால் தொட்டி எண்ணெயை அடுத்துக் குடிவந்தவருக்குத் தானமாக விட்டுவந்தார்.