முதல் எம்டிபி மாரத்தான்: காலுக்கு முன்னால் வயிற்றைப் பழக்குங்கள்

முதல் முறையாக ஒரு நீண்ட மலை சைக்கிள் (எம்டிபி) போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள், கையில் நான்கு மாதம் இருக்கிறது, எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்றால் இது உங்களுக்குத்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சைக்கிள் ஓட்டுகிறவர், இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் சமாளித்துவிடுகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை என்றால் ஒரு மாதம் எந்தத் திட்டமும் இல்லாமல் சும்மா ஓட்டுங்கள், அப்புறம் இதைத் தொடங்கலாம்.

முதலில் கிலோமீட்டர் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். தார் ரோட்டில் 60 கி.மீ. என்பது பலருக்கு இரண்டரை, மூன்று மணி நேர வேலை. அதே 60 கி.மீ. கல்லும் மண்ணுமாக, 1,800 மீட்டர் ஏற்றத்தோடு வந்தால் புதியவருக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும், முந்தைய நாள் மழை பெய்திருந்தால் இன்னும் கூடும். அதனால் போட்டி விவரத்தில் இரண்டு எண்களைத்தான் முதலில் தேட வேண்டும்: மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், கட்-ஆஃப், அதாவது முடித்தாக வேண்டிய நேர வரம்பு, எத்தனை மணி நேரம். அமெரிக்காவின் கொலராடோவில் 1994 முதல் நடக்கும் லெட்வில் 100 போட்டி சுமார் 160 கி.மீ., கிளம்பும் ஊரே கிட்டத்தட்ட 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 12 மணி நேரத்துக்குள் முடித்தால்தான் பரிசாகத் தரும் அந்தப் புகழ்பெற்ற பெல்ட் பக்கிள் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக்கில் இருவர் சேர்ந்து எட்டு நாள் ஓட்ட வேண்டும். நம் நாட்டில் ஹிமாச்சலில் 2005-இல் தொடங்கிய எம்டிபி ஹிமாலயாவும் பல நாள் போட்டிதான். இதெல்லாம் ஆசைப்பட வேண்டியவை, நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் முதல் போட்டிக்கு 50, 60 கி.மீ. ஒருநாள் போட்டியே போதும்.

என் முதல் போட்டியில் நான்காவது மணி நேரத்தில், பெரிய செங்குத்துகூட இல்லாத ஒரு ஏற்றத்தில், சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டேன். கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை, ஆனால் உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை, கண் முன்னால் இருக்கிற பாதையே மங்கலாகத் தெரிந்தது. அதுவரை நான் சாப்பிட்டது ஒரு வாழைப்பழம், குடித்தது ஒன்றரை பாட்டில் வெறும் தண்ணீர். முதல் ஒரு மணி நேரம் கூட்டத்தோடு கூட்டமாக என் சக்திக்கு மீறிய வேகத்தில் போயிருந்தேன். மூன்று மாதம் காலைப் பழக்கினேனே தவிர, வண்டி மேல் உட்கார்ந்து சாப்பிட வயிற்றைப் பழக்கவே இல்லை.

நடந்தது இதுதான். தசையிலும் ஈரலிலும் சேர்த்து நம் உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து ஏறத்தாழ 400, 500 கிராம். வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கொழுப்பு எல்லோரிடமும் வேண்டிய அளவு இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். நிதானமாகப் போகும்போது உடம்பு கொழுப்பை அதிகம் எடுத்துக்கொள்ளும், மாவுச்சத்தை மிச்சம் பிடிக்கும். ஆகவே நீண்ட போட்டிக்கான பயிற்சி என்பது முக்கியமாக இரண்டு விஷயம்: மெதுவாக நெடுநேரம் ஓட்டக் கற்பது, ஓட்டிக்கொண்டே சாப்பிடக் கற்பது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதய வேகம் காட்டும் பட்டை இருந்தால் நல்லது, ஆனால் நம் ஊர் வெயிலில் அதே உழைப்புக்கே இதய வேகம் தானாக ஏறிக்கொண்டு போகும், அதனால் பேச்சுச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். வாரத்தில் ஓட்டுகிற நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வேகத்தில் இருக்கட்டும். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள், மனசு கேட்காது, பின்னாலேயே விரட்டத் தோன்றும். விரட்டாதீர்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு வாரம் நான்கு நாள் போதும். செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம், அதில் ஏற்றப் பயிற்சி: எட்டு நிமிடம் திணறுகிற வேகத்தில் ஏறுவது, நான்கு நிமிடம் ஆசுவாசம், இப்படி நான்கு முறை. வியாழக்கிழமை ஒரு மணி நேரம் லேசாக. சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் மண்பாதையில் வண்டியைக் கையாளுகிற பழக்கத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம். முதல் வாரம் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டுங்கள், மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் பாதியாகக் குறைத்து உடம்பைத் தேற விடுங்கள். போட்டி ஆறு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டால் பயிற்சியில் நான்கு, நாலரை மணி நேரம் வரை போனால் போதும், முழு ஆறு மணி நேரத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சி (ஸ்குவாட்), ஒற்றைக்கால் பயிற்சி, பிளாங்க் செய்யுங்கள். நீண்ட இறக்கத்தில் முதலில் விட்டுப் போவது இடுப்பும் முன்கையும்தான், கால் இல்லை. நின்றபடியே அரை மணி நேரம் இறங்கிப் பார்த்தால் இது புரியும்.

ஏற்றத்துக்கு எங்கே போவது என்றால், கோவைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ. போல, ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம், ஒரே சீராகப் போவதால் வேகத்தைக் கட்டுப்படுத்திப் பழக இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு இருக்கிறது, நாமக்கல் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை, வட மாவட்டத்தாருக்கு 14 வளைவுகள் உள்ள ஏலகிரி. சென்னையில் மலைக்கு எங்கே போவதென்று கவலைப்பட வேண்டாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் கனமான கியரில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கால் அதை ஏற்றமாகத்தான் எடுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஏலகிரி போய்வந்தால் மிச்சம் சரியாகிவிடும்.

ஆனால் ரோட்டில் மட்டுமே பழகிவிட்டு மண்ணுக்குப் போகக் கூடாது. ஏரிக்கரை, கண்மாய்க்கரை, வாய்க்கால் வரப்பு எல்லாம் பயிற்சிப் பாதைதான். தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் தேரி மணலில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, நிறுத்தாமல் மிதிப்பது என்றால் என்னவென்று அந்தச் செம்மணல் கற்றுக்கொடுக்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கோவையின் மலையடிவாரப் பாதைகளில் விடியலுக்கு முன்னும் இருட்டிய பிறகும் ஓட்டவே ஓட்டாதீர்கள், அது யானை நடமாடும் நேரம். சைக்கிள் சத்தமில்லாமல் வரும், திருப்பத்தில் யானைக்கு மிக அருகில் போய் நிற்பீர்கள். தேயிலைத் தோட்டப் பாதை என்றால் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கத்துக்கு மூன்று விஷயம் போதும். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், உடம்பு சீட்டை விட்டு எழுந்து, முழங்கையும் முழங்காலும் மடங்கி இருக்க வேண்டும். பிரேக்கை ஒற்றை விரலால் பிடித்து, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், பள்ளத்தையே பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவதையும் பழகுங்கள். நடக்கிற வேகத்தைவிட மெதுவாகத்தான் மிதிக்க முடிகிறது என்றால் இறங்கித் தள்ளுவதுதான் புத்திசாலித்தனம், அதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதுவும் பசிக்காகக் காத்திருக்காமல் முதல் அரை மணி நேரத்திலிருந்தே. இதற்கு விலை உயர்ந்த எனர்ஜி ஜெல் (பாக்கெட்டில் வரும் மாவுச்சத்துக் கூழ்) கட்டாயம் இல்லை. நடுத்தர மோரிஸ் பழம் ஒன்றில் 25 கிராம் போல இருக்கிறது, சாதாரணப் பேரீச்சம்பழம் ஒன்றில் ஐந்தாறு கிராம். 750 மி.லி. பாட்டிலில் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, பாதி எலுமிச்சை போட்டுக் கலக்கினால் கிட்டத்தட்ட 40 கிராம் வந்துவிடும், உப்பும் சேர்ந்துவிடும். கடலை மிட்டாய் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் கடலையில் கொழுப்பும் புரதமும் அதிகம், மெதுவாகத்தான் செரிக்கும், அதை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், கடைசி ஏற்றத்துக்கு முன்னால் வேண்டாம். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் பழக்க வேண்டும். முதல் சில வாரம் வயிறு கனமாகத்தான் இருக்கும், குமட்டும், குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனால் வயிறு பழகிவிடும். கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள், அடித்தால் ஒரு வாய் சாப்பிடுங்கள், இரண்டு மடக்குக் குடியுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதை நீங்களே அளக்கலாம். ஒரு மணி நேரம் ஒன்றும் குடிக்காமல் ஓட்டுங்கள், முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். அதில் முழுவதையும் ஈடுகட்ட வேண்டாம், பாதிக்கு மேல் போனால் போதும். உப்பே இல்லாத வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் என்று மருத்துவமனை வரை கொண்டுபோய்விடும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி) போதும், புது வண்டி வாங்க வேண்டாம், அந்தக் காசில் நல்ல டயரும் நல்ல பேடிங் உள்ள ஷார்ட்ஸும் வாங்குங்கள். ஆனால் ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், டியூப்லெஸ் செய்தே ஆக வேண்டும். நம் மண்ணில் நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் இல்லாத பாதையே கிடையாது, டியூப் போட்டிருந்தால் ஒரே ஓட்டத்தில் மூன்று பஞ்சர் பார்க்கலாம், டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றுகிற சீலன்ட் திரவம் இருந்தால் முள் குத்தியதே தெரியாமல் அடைத்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள், வெயிலில் சீக்கிரம் காயும். காற்று 20 முதல் 28 பிஎஸ்ஐக்குள், உங்கள் எடைக்குத் தகுந்தபடி. பையில் ஒரு டியூப், பம்ப், டயர் பிளக், செயின் அறுந்தால் போட குயிக் லிங்க், செயின் கருவி, உங்கள் வண்டிக்கே பொருந்துகிற டிரெயிலியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கிற சின்ன உலோகத் துண்டு). இவற்றை வைத்திருந்தால் மட்டும் போதாது, ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து செயினைப் பிரித்து மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடைசி பத்து நாளில் ஓட்டும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஆனால் வாரம் ஒருமுறை அந்தத் திணறுகிற ஏற்றம் இரண்டை மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் கால் மந்தமாகிவிடும். இந்த நாட்களில் காலில் இல்லாத வலியெல்லாம் தெரியும், பயப்பட வேண்டாம். புது ஷூ, புது சீட், புது ஜெல் எதையும் போட்டியன்று முயலாதீர்கள். காலையில் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் நான்கைந்து இட்லி, சர்க்கரை அல்லது தேன் தொட்டு, சாம்பாரும் காரச் சட்னியும் வேண்டாம்.

விசில் அடித்ததும் எல்லோரும் பாய்வார்கள். நீங்கள் பின்வரிசையில் நின்று கிளம்புங்கள், முதல் ஒரு மணி நேரம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள், ஒற்றையடிப் பாதையில் பின்னால் வருகிறவர் குரல் கொடுத்தால் இடம் பார்த்து ஒதுங்கி வழி விடுங்கள். உணவு நிலையத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார வேண்டாம், பாட்டிலை நிரப்பி, பழத்தை வாயில் போட்டு, மூன்று நிமிடத்தில் நகருங்கள். மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகுதான் உங்கள் போட்டி தொடங்குகிறது, முதலில் பாய்ந்தவர்களில் சிலரை அங்கே பாதை ஓரத்தில் பார்ப்பீர்கள். அவர்களில் யாராவது கண் மங்கிப்போய்ப் பாறையில் உட்கார்ந்திருந்தால் நின்று இரண்டு பேரீச்சம்பழமும் நாலு மடக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போங்கள், பத்து நிமிடத்தில் எழுந்து பின்னால் வந்துவிடுவார்கள்.